பிள்ளையை ஆஸ்டலில் விடுவதா, வீட்டிலேயே வைத்துக் காப்பதா?

பல்லடம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்தவர்களில் ஒரு இருபது பேர் இன்றைக்குப் பனியன் கம்பெனி, தறி, கோழிப்பண்ணை என்று ஏதோ ஒன்றில் காலூன்றி நிற்கிறார்கள். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போட்டு, கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று என்னையும் கூப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் வடை ஆறுவதற்குள் ஒருத்தன் முடிவே சொல்லிவிட்டான். "ஒரு இல்லத்துக்கு ரூம் கட்டிக் குடுத்துரலாங்க டீச்சர். செவுத்துல கல்லு பதிச்சு நம்ம பேரும் போட்ருவாங்க."

எனக்கு அந்தக் கல் மேல் ஆசை வரவில்லை. காரணம் ஒரு பெண். நான் வேலையில் இருந்த காலத்தில், என் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தோடு ஓர் இல்லத்துக்குப் போனவள். அப்போது நான்காம் வகுப்பு. அப்பனுக்குக் குடி, அம்மா கம்பெனியில் செக்கிங், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. நல்ல காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சுவரோரமாக நின்று, "அடுத்து என்ன செய்யணுங்க?" என்று பெற்ற தாயைக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா இதை என்னிடம் வந்து சொன்னபோது அழவில்லை. "ஒழுக்கமா வளந்திருக்குதுங்க டீச்சர்" என்றாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இல்லத்தில் யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது சாயங்காலம் நாலு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். நான் கொடுத்ததோ எட்டு வருடப் பிரிவு. அதனால் இந்த முறை பணம் கை மாறுவதற்கு முன்னால் எல்லா வழிகளையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். எங்களைப் போல நாலு பேர் சேர்ந்து யோசிக்கிறவர்களுக்கும், ஊரில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்து என்ன செய்வது என்று தவிக்கிறவர்களுக்கும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது? நான் கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். பள்ளி நாலு மணிக்கு விடுகிறது. திருப்பூர்க் கம்பெனிகளில் ஒரு ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடியும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை ஆகிவிடும். சரக்கு அனுப்பும் அவசரம் இருந்தால் ஒன்றரை ஷிப்டுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். நாலு மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவே அந்தப் பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறது? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேர்ந்தவை எனக்கு நினைவிருக்கிறது. தம்பிக்குப் பால் காய்ச்சப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவள், மூடி இல்லாத தண்ணித் தொட்டியில் விழுந்து பிழைத்தவன், பக்கத்து அறைக்காரன் மிட்டாய் கொடுத்துக் கூப்பிட்ட சிறுமி. எல்லாமே அந்த நேரத்தில் நடந்தவை. இதோடு இன்னொரு நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை ராத்திரி. வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள். அது எந்த வீட்டில் எந்தக் கடை வழியாக வந்து சேர்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஆக, ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்ட கேள்வி, சாயங்காலம் ஆறு மணிக்கும் சனிக்கிழமை ராத்திரிக்கும் நீ அங்கே இருப்பாயா என்பதுதான்.

இல்லம்

இருக்கும், சந்தேகமே இல்லை. அதுதான் அதன் பலம். மூன்று வேளைச் சோறும் படுக்கையும் பூட்டிய கேட்டும் உண்டு. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, பிள்ளையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும் என்று அடிப்படைக் கொள்கையாக எழுதி வைத்திருக்கிறது. வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலபேர் குழப்பிக்கொள்கிறார்கள். அரசு நடத்தும் மாணவர் நல விடுதி வேறு, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கான இல்லம் வேறு. விடுதியில் படிப்புக்காகச் சேர்க்கலாம். இல்லத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அந்த மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர், தெரிந்த ஆசிரமம் என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவது இங்கே இன்னும் நடக்கிறது. பதிவு இல்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். நல்ல மனசோடு நடத்தினாலும் சட்டத்துக்கு அது கணக்கில்லை. கட்டடம் கட்டிக் கொடுக்க நினைக்கிறவர்கள் முதலில் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அப்படிக் கேட்கலாம் என்றே தோன்றியிருக்கவில்லை.

இல்லம் எப்போது சரி என்பதைப் பின்னால் சொல்கிறேன். சரியான நேரங்கள் உண்டு.

அம்மிச்சி வீடு

எல்லாத் திட்டங்களுக்கும் மூத்த திட்டம் இது. அம்மா வேலைக்குப் போக, பிள்ளை அம்மிச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், வளர்வது நம் பக்கத்தில் காலங்காலமாக உள்ள பழக்கம். பிள்ளைக்குத் தெரிந்த முகம், தெரிந்த சோறு. சாயங்காலமும் சனிக்கிழமையும் அம்மிச்சி வீட்டில் இருப்பார். ஒப்பீட்டில் இதற்கு நான் நிறைய மதிப்பெண் போடுவேன்.

குறை என்னவென்றால், அம்மிச்சிக்கும் சர்க்கரை, மூட்டுவலி. நூறு நாள் வேலைக்கோ களை வெட்டவோ போனால்தான் அவருக்கும் கஞ்சி. வெள்ளகோவிலிலோ மூலனூரிலோ தோட்டத்துச் சாளையில் (காட்டுக்குள் இருக்கும் வீட்டில்) இருக்கிறார் என்றால் பள்ளிக்கூடம் மாற வேண்டும். அப்படி மாறும்போது வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளாவது படிப்பை விட்டதை நான் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் 'மாமன்தானே' என்று பேச்சு தொடங்கும். 18 வயது ஆகாமல் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அம்மிச்சியிடம் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

சொந்தத்தில் விடுகிறவர்கள் தவறவிடும் ஒன்று, பணம் பிள்ளையோடு போகலாம் என்பது. அரசின் நிதி ஆதரவு, பெற்ற தாயோடு பிள்ளை இருந்தால்தான் கிடைக்கும் என்றில்லை. பெற்றோர் இல்லாமல் உறவினரிடம் வளரும் பிள்ளைக்கும் அது உண்டு.

மாதம் 4,000 ரூபாய்

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய திட்டத்தின் கீழ், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கிறது. முன்பு 2,000 ஆக இருந்தது. பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடாமல் இருக்கத்தான் இந்தப் பணம்; வறுமையால் இல்லத்துக்குப் போகவேண்டி வருவதைத் தடுப்பது என்று விதியிலேயே இருக்கிறது. கணவனை இழந்த, பிரிந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உயிர்கொல்லி நோயில் விழுந்த பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோர் இதில் வருவார்கள். பிள்ளை தொடர்ந்து பள்ளிக்குப் போகவேண்டும் என்பது நிபந்தனை. தமிழக அரசு 2025 செப்டம்பரில் 'அன்புக் கரங்கள்' என்று தொடங்கிய திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குமானது அது.

கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பூருக்கு வந்து கணக்குப் போட்டால் ஒரு சிக்கல். வாத்சல்யாவின் வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய். ஒரு பெண் வாரம் 2,000 ரூபாய் சம்பளம் வாங்கினாலே வருடத்துக்கு 1,04,000 ஆகிவிடுகிறது. அதாவது ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற அதே தாய்க்கு, அந்த ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தாலேயே இந்தப் பணம் கிடைக்காமல் போகலாம். சம்பாதிக்கிறவர் விழுந்துவிட்ட வீட்டுக்கு இது உயிர் கொடுக்கும். சம்பாதித்துக்கொண்டே மூழ்குகிற வீட்டைத் தொடாது.

தகுதி உள்ள வீட்டிலும் காகிதம் சேர்ப்பதுதான் மலை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு. கைவிட்டுப் போன கணவனின் பெயர் ரேஷன் கார்டில் இன்னும் இருக்கும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பமாக இருந்தால் கார்டே அங்கே இருக்கும். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போகும் தாய், மூன்றாவது நாள் விட்டுவிடுகிறாள்.

அதனால் எங்கள் பணத்தை நேரடியாகக் குடும்பத்துக்கு மாதாமாதம் கொடுப்பது என்ற யோசனையை நான் ஒதுக்கினேன். அரசு கொடுக்கும் 4,000 இருக்கும்போது நாங்கள் 1,000 கொடுப்பதைவிட, அந்த 4,000 வந்து சேர ஒருவர் கூட நின்று அலைவது நாலு மடங்கு லாபம். வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது.

சாயங்காலக் காப்பகம்

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்த்து வரலாம் என்று பேறுகால நலச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வந்தது. வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு அதற்கும் வெகுகாலம் முன்பே, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் காப்பகக் கடமை இருந்தது. பெரிய கம்பெனிகளில் நல்ல காப்பகங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நம் ஊரில் பாதி வேலை ஜாப் ஒர்க். பத்துப் பேர் தைக்கும் குடோன், எட்டுப் பேர் பிசிறு வெட்டும் திண்ணை. அங்கே 50 என்ற எண்ணிக்கைக்கு வழியே இல்லை. அப்புறம் காப்பகம் கைக்குழந்தைக்குத்தான். மூன்றாவது படிக்கும் பையன் அதில் வரமாட்டான்.

பால்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. முட்டை, சத்துமாவு, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் ஆறு வயது வரைதான், அதுவும் சாயங்காலம் மூடிவிடும். ஆபத்து நேரம் தொடங்கும்போது அதன் கதவு சாத்துகிறது.

மாலை நேரத்துக்கு நம்மிடம் இருந்த நல்ல முன்மாதிரி, கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. தெருவிலேயே ஒரு தன்னார்வலர், ஒரு திண்ணை, இருபது பிள்ளைகள். பாடம் எவ்வளவு ஏறியது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறேன்: அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பெரிய மனுஷிக்குத் தெரிந்திருந்தது. அதை எட்டரை, ஒன்பது வரை இழுத்தால் போதும் என்பது என் கணக்கு.

செலவும் கட்டடம் கட்டுவதோடு ஒப்பிடவே முடியாது. கோயில் மண்டபத்துக்கு ஒரு சின்ன வாடகை, சுண்டல், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஏன் இரண்டு? ஒருத்தருக்கு அவசரம் என்றால் பிள்ளைகள் தனியாக நிற்கக் கூடாது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கவும் கூடாது. ராத்திரி தங்கவைப்பது கிடையவே கிடையாது. தங்கவைத்தால் அது இல்லம் ஆகிவிடும், பதிவு வேண்டும்.

வீட்டுக்கு வருகிற ஆள்

இதைத்தான் அமெரிக்காவில் பெரிய அளவில் செய்து, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற ஊரில் 1974இல் 'ஹோம்பில்டர்ஸ்' என்று ஒரு முறை தொடங்கியது. பிள்ளையை அரசு எடுத்துப்போகும் கட்டத்துக்கு வந்துவிட்ட வீட்டுக்கு, 24 மணி நேரத்துக்குள் ஒரு பணியாளர் போய்விட வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம் அந்த வீடே கதி. ஒரு பணியாளர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுக்க வேண்டும். படிக்கும்போது எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது. ஒரு ஆளுக்கு இரண்டு வீடு! நம்மூர்க் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் கிட்டத்தட்ட 5,000 பேரைப் பார்த்துக்கொள்கிறார்.

ஆனால் அதே அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் இதே மாதிரி ஒரு திட்டத்தைப் பரவலாக நடத்தி, 1990களில் ஆராய்ந்து பார்த்தபோது, வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. உண்மையில் பிரிவின் விளிம்பில் நிற்காத வீடுகளும் நிறையச் சேர்ந்துவிட்டன என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எல்லாரும் சுலபமான வீட்டுக்குத்தான் போக விரும்புவார்கள். இது எனக்குப் புதிதாகப் படவில்லை.

இன்னொரு முறை நிதானமானது. நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 1970களின் கடைசியில் 400 பெண்களைக் கருவுற்ற காலத்திலேயே சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குப் பிள்ளைக்கு 2 வயது ஆகும்வரை ஒரு நர்ஸ் போய்வந்தார். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் போன வீடுகளில் பிள்ளையை வதைத்த, கவனிக்காமல் விட்ட சம்பவங்கள் மற்ற வீடுகளைவிட 48 சதவீதம் குறைவு. 2018இல் அமெரிக்கா ஒரு சட்டமே போட்டது: பிரித்து வைத்து வளர்க்கச் செலவிட்ட மத்திய நிதியை, பிரியாமல் இருக்க வீட்டுக்குள் செய்யும் உதவிக்கும் செலவிடலாம் என்று.

அந்த எல்மைரா ஆய்வில் இன்னொரு முடிவு 2000இல் வந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதுதான். கணவன் மனைவியை அடிப்பது அதிகமாக இருந்த வீடுகளில் நர்ஸ் வந்துபோனதால் பிள்ளைக்குப் பயன் ஏற்படவில்லை. அடி கூடக்கூடப் பலன் கரைந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

நம் பக்கத்தில் வீட்டுக்குப் போகிற ஆள் என்ன செய்வார்? 'பிள்ளையை அடிக்காதே, அன்பாக இரு' என்று சொல்வதற்குப் போனால் இரண்டாவது முறை கதவு திறக்காது. கை வேலைதான் கதவைத் திறக்கும். தண்ணித் தொட்டிக்கு மூடி போட ஆள் பிடித்துத் தருவது. அலமாரியில் சாணிப் பவுடர் பொட்டலம் இருந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. வாசல் தெளிக்க வைத்திருக்கும் அந்த மஞ்சள் பொடி எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று கொங்கு நாட்டு ஆஸ்பத்திரிகளைக் கேட்டால் தெரியும். கோபத்தில் பெரியவர்கள் எடுப்பது ஒரு பக்கம், தெரியாமல் பிள்ளை எடுப்பது இன்னொரு பக்கம். மனுவை நிரப்புவது, தாலுகா ஆபீசுக்குக் கூடப் போவது, பிரசவமாகி முப்பது நாளில் காரணமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவது. நடுநடுவே, பிள்ளை அடம் பிடிக்கும்போது தான் எப்படிச் சமாளிக்கிறார் என்பதை அந்தத் தாய் பார்க்கும்படி செய்து காட்டுவது. அவ்வளவுதான், ஆனால் வாரம் தவறாமல்.

இடத்துக்கு இடம் வேலை மாறும். திருப்பூர் லைன் வீட்டில் சுவர் அரை அடி. ஒரு வீட்டில் அடி விழுந்தால் ஏழு வீட்டுக்குக் கேட்கும். அங்கே போகிற ஆளுக்குப் பக்கத்து வீட்டு அக்காவே பாதி உதவி. காங்கயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாலு காடு இருக்கும். கத்தினாலும் நாய்தான் வரும். அங்கே வாரம் ஒரு முறை போதாது, போனும் வேண்டும். பள்ளிபாளையம் தறிக்குடும்பங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு முதலாளியின் லைன் வீட்டிலேயே இருப்பவர்களிடம் போகும்போது முதலாளிக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், பிடிக்கிறதோ இல்லையோ.

யார் போவது என்பதில் ஒரு கசப்பான விஷயம். இந்த ஊரில் எந்த வளவுக்குள் (ஒரே சாதிக்காரர் வீடுகள் சேர்ந்திருக்கும் பகுதிக்குள்) யார் போவார்கள், எந்த வீட்டில் யார் தண்ணி குடிப்பார்கள் என்பது இன்னும் தீரவில்லை. எங்களிடம் இந்த வேலை கேட்டு வந்த ஒரு பெண் நன்றாகப் படித்தவர், பேச்சும் இனிமை. ஒரு வளவுக்குப் போய்விட்டு வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்தார். "வெயிலுங்க, உள்ள போகல" என்றார். வெயிலுக்கு உள்ளேதானே போவார்கள்? அவரை எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற ஓர் அங்கன்வாடி அம்மாவை எடுத்தோம். எந்த வீட்டிலும் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

அடி விழுகிற வீடு

இப்போது அந்த 2000ஆம் வருட முடிவுக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாமே, வீட்டில் உள்ள பெரியவர்கள் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்காதவர்கள், ஆனால் கை போதவில்லை என்ற நிலைக்குப் பொருந்தும். அந்த வீட்டில் ஒரு மனிதனே ஆபத்தாக இருந்தால் வாராந்திர வருகையும் சுண்டலும் பயன்படாது. சில நேரம் கெடுதலும் செய்யும். 'யாரோ வந்து பார்க்கிறார்கள்' என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

பாலியல் சம்பந்தமான எதுவானாலும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. குடும்ப மானம், பெண்ணின் எதிர்காலம் என்று பஞ்சாயத்து பேச வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

குடித்துவிட்டு அடிக்கிறவன் விஷயத்தில், பிள்ளையை வெளியே எடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். அடிக்கிறவன் ஏன் வெளியே போகக் கூடாது? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அந்த ஆளையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். மாவட்டத்தில் அதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்களுக்கான உதவி எண் 181க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். பிள்ளைக்காக என்றால் 1098. ஆள் வெளியே போய், தாய் தைரியமாக நின்றால், மேலே சொன்ன உதவிகள் எல்லாம் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். தாயும் நிற்க முடியாத நிலை, சொந்தமும் இல்லை என்றால் அப்போது இல்லம்தான் சரி. தயங்காமல் குழந்தைகள் நலக் குழுவிடம் போக வேண்டும். நாங்கள் கையில் எடுத்த ஆறு வீடுகளில் ஒரு வீட்டுப் பையன் அப்படித்தான் போனான். அந்தப் பையன் இப்போது ராத்திரி முழுவதும் தூங்குகிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்காகக் குழுவுக்குக் கடிதம் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை.

நாங்கள் எடுத்த முடிவு

மாதம் 20,000. அதில் கிட்டத்தட்ட பாதி வீட்டுக்குப் போகிற அம்மாவின் சம்பளத்துக்கும் பஸ்ஸுக்கும். மீதி மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடக்கும் சாயங்கால இடத்துக்கு. நாலு மணிக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடுகிறோம். சனிக்கிழமை பத்து வரை. பிள்ளையைக் கூட்டிப்போக யார் வரலாம் என்று தாய் எழுதிக் கொடுத்த பெயர்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறோம். அப்பனே வந்தாலும், தள்ளாடிக்கொண்டு வந்தால், "உக்காருங்க, அம்மிணி வரட்டும்" என்று சுண்டலைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு பேர் அப்படியே தூங்கியும் போயிருக்கிறார்கள்.

அம்மிச்சியிடம் வளரும் இரண்டு பிள்ளைகளுக்கு நிதி ஆதரவு வாங்கிக் கொடுத்தோம். காகிதம் சேர்க்க ஐந்து மாதம் பிடித்தது. ரூம் கட்டலாம் என்றவன்தான் தாலுகா ஆபீசுக்குத் தன் காரில் கூட்டிக்கொண்டு அலைந்தான். கல் பதிக்கவில்லையே என்று இன்னும் ஒரு குறை அவனுக்கு இருக்கிறது. மண்டபத்து வாசலில் திறக்கும் நேரம் எழுதிய ஒரு தகரப் போர்டு மாட்டி, கீழே ஓரமாக அவர்கள் பேட்ச் வருடத்தை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இன்னும் வழி கிடைக்காத ஒன்று ராத்திரி ஷிப்ட். நூல் மில்லிலும் தறியிலும் தாய், தகப்பன் இருவரும் ராத்திரி வேலைக்குப் போய், ஆறு வயதும் நாலு வயதும் வெளியே பூட்டிய வீட்டுக்குள் தூங்கும் மூன்று குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும். ராத்திரி தங்கவைக்க எங்களால் முடியாது. பூட்டாதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, பூட்டு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. முதலாளிகளிடம் பேசி, இருவரில் ஒருவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறோம். ஒருத்தர் சரி என்றிருக்கிறார். மற்ற இரண்டு பேரைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை சோமனூர் போகவேண்டும்.